ஃபர்னஸ்காரனுக்கு எதுக்குய்யா பனிச்சறுக்கு?

கும்மிடிப்பூண்டியில "வெளிநாடு போறேன்"னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி ஒண்ணுதான்: "எந்தக் கம்பெனி? எத்தனை வருஷம் காண்டிராக்ட்?" வேலைக்கு இல்லீங்க, சும்மா சுத்திப் பார்க்கன்னு சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க. பனியில சறுக்கி விளையாடன்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சது கதை. எங்க கேன்டீன்ல எனக்கு ஒரு மாசமா "ஸ்விட்சர்லாந்து சார்"னுதான் பேரு. போறது ஸ்விட்சர்லாந்தே இல்லைன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்கிறதா இல்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். சிப்காட்டுல வெவ்வேற கம்பெனியில வேலை பார்க்கிற நாங்க நாலு பேர். ரெண்டு பேர் மெயின்டனன்ஸ், ஒருத்தர் ரோலிங் மில், ஒருத்தர் ஸ்டோர்ஸ். வர்ற பிப்ரவரி கடைசி வாரம் கஜகஸ்தான்ல அல்மாட்டி பக்கத்துல ஷிம்புலாக்னு ஒரு இடத்துக்குப் பனிச்சறுக்கு கத்துக்கப் போறோம். ஆளுக்கு 90 ஆயிரம், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாதுன்னு முடிவு. மாசம் 4,500 ரூபாய், 20 தவணை, பேங்க்ல ஆர்.டி. போன வருஷம் மே மாசம், வெயில் 40-ஐத் தாண்டி ஷெட்டுக்குள்ள நிக்க முடியாத ஒரு நாள்ல ஆரம்பிச்சது இது. உருக்கு ஊத்துற இடத்துல 1,600 டிகிரி. அங்கிருந்து மைனஸ் பத்துக்குப் போகணும்னு ஒருத்தனுக்கு ஆசை வந்தா அதுல என்னங்க அதிசயம்?

இதைப் பணக்காரங்க விளையாட்டுன்னு சொல்றவங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு. ஆல்ப்ஸ் மலைக்குப் போனா கட்டுபடியாகாது. ஷெங்கன் விசா கட்டணமே 2024 ஜூன்லேர்ந்து 90 யூரோ, கொடுத்தாலும் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை. நிராகரிச்சா பணம் திரும்ப வராது. அதனால அந்தப் பக்கமே நான் பார்க்கலை. ஆனா உலகத்துல பனி ஐரோப்பாவுல மட்டும் விழலையே.

முதல்ல நம்ம நாட்டுல ஏன் போகக்கூடாதுன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி, ஒரு மாசம் அதைத்தான் அலசினோம். குல்மார்க்ல மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட பயிற்சி நிலையமே இருக்கு, 1968-லேர்ந்து. மணாலியில வாஜ்பாய் பேர்ல உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் பனிச்சறுக்கு கோர்ஸ் நடத்துறாங்க. கத்துக்கணும்னு மட்டும் ஆசை, நாள் கணக்குப் பிரச்சினை இல்லைன்னா இந்த அரசாங்க கோர்ஸ்களை அடிச்சுக்க ஆளில்லை. கல்லூரிப் பசங்க யாராவது இதைப் படிச்சா, அல்மாட்டியை மறந்துட்டு அங்கே போங்கப்பா. பனியே விழாத குடகிலேர்ந்து கிளம்பின பவானி தெக்கட நஞ்சுண்டான்னு ஒரு பொண்ணு கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுல பதக்கங்கள் ஜெயிச்சிருக்கு. தெற்கத்திக்காரனுக்கு வராதுன்னு சொல்றவங்களுக்கு இந்த ஒரு பேர் போதும்.

எங்களுக்குச் சிக்கல் ரெண்டு. ஒண்ணு லீவு. 20 நாள் வேலை செஞ்சா ஒரு நாள் சம்பளத்தோட லீவு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேர்ந்து இதே கணக்குதான். வருஷம் பூரா ஒழுங்கா போனா 15 நாள் சேரும். அதுல கல்யாணம், காதுகுத்து, சாவு, புள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் போக கையில ஏழு எட்டு நாள் நின்னா அதிர்ஷ்டம். அந்த ஏழு நாள்ல போய் இறங்கினா பனி இருக்கணும். ரெண்டாவது சிக்கலே இந்தப் பனிதான். 2024 ஜனவரியில குல்மார்க் வெறும் புல்தரையா கிடந்துச்சு. 2025-ல கேலோ இந்தியா போட்டியையே பனி இல்லாம தள்ளி வெச்சு மார்ச்சுல நடத்தினாங்க. தேசியப் போட்டிக்கே அந்தக் கதின்னா, ஒரு தடவை மட்டும் லீவு கிடைக்கிற நமக்கு?

இன்னொண்ணு ஔலி. 2011-ல தெற்காசிய குளிர்கால விளையாட்டு நடந்த இடம். ஜோஷிமட்லேர்ந்து நாலு கிலோமீட்டர் ரோப்வேயில மேலே போகலாம்னு எல்லாப் பழைய பயணக் கட்டுரையிலும் இருக்கும். 2023 ஜனவரியில ஜோஷிமட் ஊரே விரிசல் விட்டுப் பூமிக்குள்ள இறங்க ஆரம்பிச்சப்போ அந்த ரோப்வேயை நிறுத்திட்டாங்க. எங்க பக்கத்து ஷெட்ல கிரேன் ஓட்டுற ஒருத்தருக்கு அந்த சமோலி ஜில்லாதான் சொந்த ஊர். அவர்கிட்ட பனியைப் பத்தி ஆசையா விசாரிச்சேன். "பனி விழுந்தா விறகு செலவு, விழலைன்னா ஓட்டல் வெச்சிருக்கிற தம்பிக்குக் கடன்"னு ரெண்டே வரியில முடிச்சிட்டார். அப்புறம் ஒண்ணு சொன்னார், அது மனசுல நின்னுடுச்சு: "நான் பனியை விட்டுட்டு இங்க சூட்டுக்கு வந்தேன், நீங்க காசு கொடுத்து அங்க போறீங்க. போங்க, நல்லா இருக்கும்."

அப்போ வெளிநாடுதான்னு ஆச்சு. எங்க வசதிக்கு உள்ள தேர்வு ரெண்டு: ஜார்ஜியாவுல குடௌரி, கஜகஸ்தான்ல ஷிம்புலாக். இந்திய டிராவல்ஸ்காரங்க பெரும்பாலும் குடௌரியைத்தான் தள்ளுவாங்க. திபிலிசியிலேர்ந்து 120 கிலோமீட்டர், உச்சி 3,200 மீட்டருக்கு மேல, சறுக்குப் பாதைகள் அகலமா நீளமா இருக்கும், விலையும் குறைவு. சறுக்கத் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டுல அதுதான் மேல்னு நானே ஒத்துக்கறேன். ஆனா நம்ம பாஸ்போர்ட்டுக்கு அங்கே இ-விசா எடுக்கணும். அமெரிக்கா, ஷெங்கன், வளைகுடா நாட்டு விசா கையில இருந்தா விலக்கு உண்டு. அதனாலதான் துபாய்ல இருக்கிற நம்ம ஆளுங்க அத்தனை பேர் அங்கே போறாங்க. கும்மிடிப்பூண்டியிலேர்ந்து போறவனுக்கு அந்த வசதி இல்லை.

கஜகஸ்தானுக்கு 2022 ஜூலையிலேர்ந்து இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசாவே வேண்டாம். எங்க பட்ஜெட்டுல இது ஒண்ணுதான் முழுசா பூஜ்யம் போட்ட வரி. இன்னொரு பெரிய லாபம், ஷிம்புலாக் தனி ஊர் இல்லை, அல்மாட்டி நகரத்தோட முதுகுல உட்கார்ந்திருக்கு. நகரத்துல வாடகைக்கு ஒரு ஃபிளாட் எடுத்துத் தங்கிட்டு, காலையில 12-ஆம் நம்பர் டவுன் பஸ் பிடிச்சா மெடேயூ. அங்கே 1,691 மீட்டர் உயரத்துல பெரிய ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம். அதுக்குப் பக்கத்திலேர்ந்து நாலரை கிலோமீட்டர் கேபிள் காரில் 2,260 மீட்டருக்குப் போய் இறங்கினா சறுக்கு மைதானம். நாம மின்சார ரயில்ல சென்ட்ரல் போற மாதிரி, டவுன் பஸ்ல பனிமலைக்குப் போறது! மலை மேல ரிசார்ட்ல ரூம் போட்டீங்கன்னாதான் பட்ஜெட் கிழியும். எந்த நாட்டுக்குப் போனாலும் இது பொருந்தும்: பனிச்சறுக்குப் பயணத்துல காசைக் கரைக்கிறது சறுக்கு இல்லை, மலை மேல தூங்கறது.

அப்புறம் ஷிம்புலாக்ல செயற்கைப் பனி அடிக்கிற பீரங்கிகளும் இருக்கு. இயற்கை கைவிட்டாலும் கீழ்ப் பாதை கொஞ்சமாவது வெள்ளையா இருக்கும். எங்களுக்கு அது போதும், உச்சிக்குப் போற தகுதி வர எப்படியும் நாளாகும்.

அல்மாட்டியைப் பத்தி மறைக்காம ஒண்ணு சொல்லணும். குளிர்காலத்துல நகரத்துக்கு மேல புகை மூடியிருக்கும். நிலக்கரி மின் நிலையம், வண்டிப் புகை எல்லாம் சேர்ந்து, குளிர்ந்த காத்து மலையடிவாரத்துல தேங்கி நிக்கிறதால மேலே போக வழியில்லாம அடைஞ்சிடும். கேபிள் கார் ஏறி அந்தப் படலத்தைத் தாண்டினா பளிச்சுன்னு நீல வானம். இதைக் கேட்டு எங்க நாலு பேர்ல யாருமே அசரலை. சிப்காட் காத்தைச் சுவாசிக்கிறவனுக்கு இதெல்லாம் புறப்படுறதுக்கு முன்னாடியே பயிற்சி முடிஞ்ச பாடம்.

இப்போ கணக்கு. விமானம் 38,000. ஃபிளாட் வாடகையில ஆளுக்கு 8,000. சறுக்கு டிக்கெட், வாடகைச் சாமான், வாத்தியார் எல்லாம் சேர்த்து 25,000. சாப்பாடு, பஸ், டாக்சிக்கு 8,000. இன்சூரன்ஸ் 3,000. உள்ளே போடுற தெர்மல், கையுறை, கண்ணாடிக்கு 5,000. மொத்தம் 87. மீதி மூவாயிரம் எதிர்பாராததுக்கு. இது நாங்க ஒதுக்கின தொகை, உங்க தேதிக்கும் ரேட்டுக்கும் மாறும்.

இதுல எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாதுங்கிறதுலதான் எனக்கும் எங்க ஸ்டோர்ஸ்காரருக்கும் மூணு வாரம் சண்டை. அவர் வாத்தியாரை வெட்டலாம்னார். "யூடியூப்ல பார்த்துக்கலாம் சார், சைக்கிள் யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?" சைக்கிள்ல விழுந்தா முட்டியில சிராய்ப்பு. சறுக்குப் பலகையில விழுந்தா முழங்கால் உள் தசைநார் போகும், ஆறு மாசம் வேலைக்குப் போக முடியாது. முதல் மூணு நாளும் காலையில ரெண்டு மணி நேரம் வாத்தியார். அதை விட்டுக் கொடுக்க மாட்டேன்னு நின்னேன். வேணும்னா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலேர்ந்து புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டிக்கலாம். ஃபிளாட்ல அடுப்பு இருக்கும், அரிசி அங்கேயே வாங்கிக்கலாம். மேலே மலையில உணவகங்கள்ல உட்கார்ந்து சாப்பிட்டா கூடுதலா அழணும். அதுவும் எங்கள்ல ஒருத்தர் சைவம், அந்த ஊர்ல குதிரைக்கறி விசேஷம்!

இன்சூரன்ஸ் அடுத்தது. சாதாரணப் பயண இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் சாகச விளையாட்டு விலக்குன்னு பொடி எழுத்துல இருக்கும். பனிச்சறுக்கு அதுல சேரும். அதுக்குன்னு தனியா கூடுதல் பிரிமியம் கட்டி எழுத்துல வாங்கணும். ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்"னு வாயால சொல்றதுக்கு மதிப்பு கிடையாது. நம்ம இஎஸ்ஐ கார்டு அல்மாட்டியில செல்லாது, சொல்லிட்டேன்.

சறுக்குப் பலகையா, ஸ்னோபோர்டான்னு ஒரு பட்டிமன்றம். போட்டோவுல அழகா இருக்கிறது போர்டுதான். எங்கள்ல வயசு குறைஞ்ச ரோலிங் மில் தம்பிக்கு அதுமேல ஒரு கண்ணு. ஆனா ரெண்டு காலையும் ஒரே பலகையில கட்டிட்டு நிக்கிறதால ஆரம்பத்துல விழும்போது கையை ஊணித்தான் விழுவோம், மணிக்கட்டு அடிபடுறது அதுல ரொம்ப சகஜம். கையை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அது ஒத்து வராது. ரெண்டு பலகையில முதல் நாளே முக்கோண மாதிரி காலை வெச்சு பிரேக் பிடிக்கக் கத்துக்கிட்டா, மூணாவது நாள் சின்னச் சரிவுல தனியா இறங்கலாம்கிறாங்க. நாலு பேரும் ரெண்டு பலகைதான்னு தீர்மானம் போட்டாச்சு. தம்பிக்கு இன்னும் மனசு ஆறலை.

மெயின்டனன்ஸ்காரனா எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லிடறேன். பலகையோட பூட்ஸை இணைக்கிற பூட்டுல ஒரு ஸ்பிரிங் இருக்கு. எவ்வளவு விசை வந்தா பூட்டு திறந்து காலை விடுவிக்கணும்னு அதுல ஒரு நம்பர் வைப்பாங்க, டின் நம்பர்னு பேரு. உங்க எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், எவ்வளவு தூரம் சறுக்கத் தெரியும், இதையெல்லாம் கேட்டுத்தான் வாடகைக் கடையில அந்த நம்பரை வைப்பாங்க. நம்ம ஊர் சேஃப்டி வால்வு மாதிரியேதான். கூடுதலா வெச்சா விழும்போது பூட்டு திறக்காது, முட்டி முறுக்கிக்கும். குறைவா வெச்சா ஓடும்போதே கழண்டுக்கும். ஆக, அங்கே போய் வெக்கப்பட்டு எடையைக் குறைச்சுச் சொல்றது, எல்லாம் தெரியும்னு பீத்திக்கிறது ரெண்டும் வேணாம்.

விமானத்துலயும் ஒரு சூட்சுமம். டெல்லியிலேர்ந்து அல்மாட்டி பக்கம்தான், ஏர் அஸ்தானா போகுது. இண்டிகோவும் 2023-ல ஆரம்பிச்சது. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் நம்ம விமானங்களுக்கு வான்வழியை மூடினதும் அந்தச் சேவையை நிறுத்தினாங்க. சென்னை–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி–அல்மாட்டி வேற டிக்கெட்னு தனித்தனியா போட்டா இந்த மாதிரி நேரத்துல நடுவுல மாட்டிக்குவோம். முதல் விமானம் பனிமூட்டத்துல தாமதமானா ரெண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பு கிடையாது. ஐந்நூறு, ஆயிரம் கூட ஆனாலும் சென்னையிலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே டிக்கெட்டா வாங்கணும்ங்கிறது என் கட்சி. ஏர் அரேபியா மாதிரி ஷார்ஜா வழியா போறதையும் சேர்த்துப் பார்க்கிறோம். மூணு மணி நேரம் கூடுதலானா பரவாயில்லை, நடுராத்திரி டெல்லியில அம்போன்னு நிக்க முடியாது.

பொங்கல் லீவோட சேர்த்துப் போனா என்னன்னு வீட்டுல கேட்டாங்க. கேட்டது மச்சான். அம்மா கேக்கலை, முறைச்சாங்க. எப்படியும் பொங்கல் சமயத்துலதான் எங்களுக்கு ஷட்டவுன் வேலை, மெயின்டனன்ஸ் ஆளுக்கு லீவு கேட்கிற உரிமையே அப்போ கிடையாது. பிப்ரவரி கடைசின்னா பனி நல்லா படிஞ்சிருக்கும், டிசம்பர்–ஜனவரிக் கூட்டம் ஓய்ஞ்சிருக்கும், மார்ச் 8 மகளிர் தினத்துக்கு அங்கே வர்ற விடுமுறைக் கூட்டத்துக்கும் முன்னாடி திரும்பிடலாம்.

குடௌரியை வேண்டாம்னதுக்கு விசா மட்டும் காரணமில்லை. 2024 டிசம்பர்ல அங்கே ஒரு இந்திய உணவகத்துல வேலை பார்த்த 12 பேர் ராத்திரி தூக்கத்துலயே செத்துப் போனாங்க. அதுல 11 பேர் இந்தியர்கள். கரண்ட் போச்சுன்னு அவங்க தூங்குற அறைகளுக்குப் பக்கத்துல, கட்டடத்துக்குள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டியிருக்காங்க. கார்பன் மோனாக்சைடு. செய்தியைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. எங்க ரீ-ஹீட்டிங் ஃபர்னஸ் பக்கம் போறவன் பாக்கெட்டுல கேஸ் மீட்டர் இல்லாம போகக்கூடாதுன்னு தினம் காலையில கத்துறவன் நான். வாசனை இல்லை, நிறம் இல்லை, தலைவலின்னு படுத்தா எழுந்திருக்க மாட்டோம். அந்த அறையில ஒரு சின்ன அலாரம் இருந்திருந்தா?

அவங்களும் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு வெளிநாடு போனவங்கதான். காலையில சறுக்க வர்றவங்களுக்கு ரொட்டியும் பருப்பும் செஞ்சு போடப் போனவங்க. நாம "கம்மி விலை பேக்கேஜ், இந்திய உணவு உண்டு"ன்னு விளம்பரம் பார்க்கிறப்போ, அந்தக் கம்மி எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவை யோசிக்கணும். அது குடௌரிக்கு மட்டும் இல்லை. அல்மாட்டிக்கும் பொருந்தும், எங்க சிப்காட் பின்னாடி தகர ஷெட்டுல பத்துப் பேர் பன்னெண்டு பேரா தூங்குற பீகார், ஒரிசா பசங்களுக்கும் பொருந்தும். செலவைக் குறைக்கிறதுல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. மலை மேல ரூம் வேணாம், ஹோட்டல் சாப்பாடு வேணாம், புது ஜாக்கெட் வேணாம், வாடகைக்கு எடுத்துக்கலாம். ஆனா வாத்தியாரோட கூலியில பேரம், ஹெல்மெட் வேணாம், இன்சூரன்ஸ் வேணாம்ங்கிற சிக்கனம் எனக்குப் பிடிக்கலை. அதே குடௌரியில 2018 மார்ச்சுல ஒரு சேர்-லிஃப்ட் பின்பக்கமா வேகமெடுத்து ஓடி ஆளுங்களைத் தூக்கி எறிஞ்சது. அந்த வீடியோவை நான் சேஃப்டி மீட்டிங்ல போட்டுக் காட்டுறதுண்டு. ஓடுற மிஷினை நம்பித்தான் எங்கேயும் போறோம், பராமரிப்புல கஞ்சத்தனம் பண்ற இடத்துக்குப் போறதுல எனக்கு இஷ்டமில்லை. அதனால எங்க பெட்டியில புளிக்காய்ச்சலுக்குப் பக்கத்துல பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணும் வருது. வாடகை ஃபிளாட்ல கேஸ் ஹீட்டரை யார் எப்போ சர்வீஸ் பண்ணாங்களோ, யாருக்குத் தெரியும்.

மத்தபடி சில்லறை விஷயங்கள். பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ்னு வரி பிடிச்சிடுவாங்க, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனா அது வரைக்கும் நம்ம காசு அங்கே தூங்கும். டிக்கெட், ஃபிளாட் தனித்தனியா நாமே போட்டா அந்தத் தொல்லை இல்லை. கிரெடிட் கார்டுல மூணு, மூணரை சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் போடுற கார்டைத் தவிர்க்கணும். அங்கே டாக்சிக்கு யாண்டெக்ஸ் ஆப், ரோட்டுல நிக்கிறவன்கிட்ட பேரம் வேண்டாம். அல்மாட்டியில மருத்துவம் படிக்கிற இந்தியப் பசங்க நிறைய பேர் இருக்காங்க, தமிழ்க் குரல் காதுல விழுந்தா ஆச்சரியப்பட வேண்டாம்.

பயிற்சி ஆரம்பிச்சாச்சு. ஷிஃப்ட் முடிஞ்சு தினம் 60 தோப்புக்கரணம், சுவத்துல சாய்ஞ்சு நாற்காலி மாதிரி ரெண்டு நிமிஷம். பிள்ளையாருக்குப் போடுற தோப்புக்கரணத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும்னு அம்மாவே எதிர்பார்க்கலை. "குளிருக்கு மப்ளர் பின்னித் தரேன்"னு இறங்கி வந்துட்டாங்க. அல்மாட்டி ஃபிளாட்டைப் பார்த்து வெச்சிருக்கோம், ரெண்டு பெட்ரூம், ஹால்ல ஒரு சோஃபா சும்மா கிடக்கு. குறட்டை விடாத ஆளா இருந்தா, ஆர்.டி. போட இன்னும் நேரம் இருக்கு.